3 அடி ரீஃப் டேங்குக்கு என்ன லைட்? வாட் பார்க்கணுமா, பார் (PAR) பார்க்கணுமா?

உப்புக்கரைசல்:
வணக்கம். ஏழெட்டு வருஷமா மீன் வளர்க்கிறேன், ஆனா எல்லாமே நல்ல தண்ணி. உப்புத் தண்ணிக்கு இப்பதான் வந்திருக்கேன். டேங்க் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம். ரெண்டு க்ளவுன் மீன் இருக்கு. மேல இருக்கிறது சாதாரண வெள்ளை எல்இடி பட்டை.

இனி கோரல் (பவள உயிரி) போடணும். முதல்ல மஷ்ரூம், சோவாந்தஸ், ஒரு ஹேமர். நல்லா வந்தா அடுத்த வருஷம் மான்டிபோரா. லைட்னு கேட்டா ஒருத்தர் "லிட்டருக்கு ஒரு வாட்"ங்கிறார், இன்னொருத்தர் "20,000 கெல்வினுக்குக் குறைஞ்சா தொடாதே"ங்கிறார், மூணாவது ஆள் "டி5 குழல்தான் (மெல்லிசு ட்யூப்லைட்) கோரலுக்கு, எல்இடி எல்லாம் ஷோ"ங்கிறார். தலை சுத்துது. எதை வெச்சு முடிவு பண்றது?

நீலக்கதிர்:
மூணு பேர் சொன்னதையும் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க.

வாட்ங்கிறது லைட் இழுக்கிற கரண்ட். அது தண்ணிக்குள்ள எவ்வளவு ஒளி இறக்குதுன்னு சொல்லாது. 50 வாட் எல்இடியும் 50 வாட் குழலும் ஒண்ணில்ல. ஒரே 50 வாட் எல்இடியிலயே குறுகின லென்ஸ் போட்டது நடுவுல குத்தும், அகல லென்ஸ் போட்டது பரவும். லிட்டர் கணக்கு அதைவிட மோசம். அகலம் ஒண்ணே இருந்தாலும் ஆழமான டேங்குக்கும் ஆழமில்லாத டேங்குக்கும் தேவை வேற.

கெல்வின்ங்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியிற நிறம். 6,500 பகல் வெளிச்சம் மாதிரி, 14,000 நீலம் கலந்த வெள்ளை, 20,000 நல்ல நீலம். ஒரே நிறத்துல வர்ற பல்ப் வாங்கின காலத்துல உதவிச்சு. இப்ப ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற லைட்டுக்கு அந்த எண்ணால ஒரு பிரயோசனமும் இல்ல.

கோரலோட திசுவுக்குள்ள சூசாந்தெல்லேன்னு ஒரு நுண்பாசி குடியிருக்கு. அது ஒளிச்சேர்க்கை பண்ணி செய்யிற சர்க்கரையில பெரும்பங்கு கோரலுக்குப் போகுது. அதனால நீங்க லைட் வாங்கறது அந்தப் பாசிக்குத்தான். அதுக்கு எட்டுற ஒளியை அளக்கிற கணக்குதான் பார். 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளித்துகள், ஒரு சதுர மீட்டர்ல, ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுதுங்கிறது. உச்சி வெயில் கடல் மேல சுமார் 2,000. நம்ம டேங்குல அதுல பத்துல ஒரு பங்குகூட பல கோரலுக்குத் தேவைப்படாது.

அக்ரோ_பித்தன்:
கண்ணால பார்க்கிறது வேற, பார் வேற. இந்த ஒரு வரி எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆறு அக்ரோபோரா கோரல் இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும்.

தோராயமா பார் எண் வேணும்னா: மஷ்ரூம் 50ல இருந்து 100, சோவாந்தஸ் 80-150, ஹேமர், டார்ச் கோரல் 80-150, மான்டிபோரா 150-250, அக்ரோபோரா 200-350. ஒவ்வொருத்தர் டேங்குல ஒவ்வொரு மாதிரி இருக்கும், சட்டமா எடுத்துக்காதீங்க.

பழைய_குழல்:
அந்த மூணாவது ஆள் நானா இருக்கலாம். :)

டி5 இன்னும் சாகலை, தம்பி. 3 அடி டேங்குக்கு 39 வாட் குழல் சரியா உட்காரும், நீளம் 85 சென்டிமீட்டர்கிட்ட. நாலு குழல், ஒவ்வொண்ணுக்கும் தனி ரிஃப்ளெக்டர். ஒளி நீளவாக்குல ஒரே மாதிரி விழும். கோரலோட பக்கவாட்டுலயும் அடியிலயும்கூட ஒளி போகும். ஒரு புள்ளியில இருந்து அடிக்கிற எல்இடியில என்ன ஆகும் தெரியுமா? கிளைக் கோரல் பெருசானதும் மேல் கிளை கீழ் கிளைக்கு நிழல் போடும், அடி செத்துப் போகும். டி5ல அந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

குறையையும் சொல்லிடறேன். 9லேர்ந்து 12 மாசத்துக்கு ஒரு தடவை குழல் மாத்தணும். எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா ஒளி குறைஞ்சிருக்கும், நிறமும் நகர்ந்திருக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்தணும், இல்லேன்னா கோரலுக்கு அதிர்ச்சி. சூடும் உண்டு. அப்புறம் எல்இடில தெரியிற அந்த அலை மினுமினுப்பு டி5ல கிடையாது. அது வேணும்னு ஆசைப்பட்டா எல்இடிதான்.

உப்புக்கரைசல்:
மினுமினுப்பு வேணும். :) மெட்டல் ஹாலைட் பல்ப் பத்தி யாருமே பேசலையே?

பழைய_குழல்:
அது ராஜா. ஆனா 250 வாட் பல்ப் ஒண்ணு ஒன்றரை அடி உயர டேங்க் மேல தொங்கினா தண்ணி கொதிக்காத குறைதான், தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் கட்டாயம். ரெண்டு முனை பல்பை புறஊதா தடுக்கிற கண்ணாடி இல்லாம எரிச்சா கோரலும் கருகும், உன் கண்ணும் போகும். உனக்கு வேண்டாம்.

சோவா_அக்கா:
நான் ஒரு கதை சொல்றேன். புதுசா வர்றவங்க எல்லாரும் இதே குழியிலதான் விழறாங்க.

எனக்கு நாலு வருஷமா மங்கலான பழைய லைட். கோரல் எல்லாம் லேசா பழுப்பு, ஆனா ஆரோக்கியம். ஒரு நாள் நல்ல எல்இடி வாங்கி மாட்டினேன். நீலம், ஊதா ரெண்டும் 100 சதவீதம், வெள்ளை 10. சுவிட்ச் போட்டுப் பார்த்தா டேங்க் முன்னாடி இருந்ததைவிட இருட்டா தெரியுது! "என்ன இது, காசு கொடுத்து இருட்டை வாங்கிட்டு வந்திருக்கோமே"ன்னு வெள்ளையையும் 60க்கு ஏத்திட்டேன்.

முதல் நாள் சோவாந்தஸ் மூடிக்கிச்சு. புது லைட்டு, பழகிக்கும்னு விட்டேன். ரெண்டாம் நாள் மஷ்ரூம் ஓரமெல்லாம் மேல சுருட்டிக்கிட்டு கிண்ணம் மாதிரி நின்னுச்சு. நாலாம் நாள் காலையில ஹேமரைப் பார்க்கிறேன், நுனியில இருந்த பச்சை மட்டும் மிச்சம், தண்டு முழுக்கக் கண்ணாடி மாதிரி. உள்ளே இருக்கிற எலும்புக்கூட்டோட வரி வரியான தகடு திசு வழியாத் தெரியுது. பாசியைத் துப்பிடுச்சு. அதோட மூணு தலையில ஒண்ணைத்தான் காப்பாத்த முடிஞ்சது.

நம்ம கண்ணு 555 நானோமீட்டர்கிட்ட, பச்சையிலதான் கூர்மை. 450ல வர்ற நீலம் எவ்வளவு அடிச்சாலும் நமக்கு மங்கலாத்தான் தெரியும். ஆனா பாசிக்கு அதுதான் விருந்து. அதனால நீல லைட்டைக் கண்ணை நம்பி வைக்கவே வைக்காதீங்க. போன்ல இருக்கிற லக்ஸ் செயலியும் அதே கதைதான். லக்ஸ்ங்கிறதே மனுஷக் கண்ணுக்கான அளவு.

ஆழ்கடல்77:
அக்கா, குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். அது லைட்டால மட்டும்தானா? அப்ப நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு இருந்துச்சு? ரெண்டும் பூஜ்யமா இருக்கிற டேங்குல மிதமான லைட்டுலகூட கோரல் வெளுக்கும். எல்லாப் பழியையும் லைட் மேல போட்டுடறோம்.

சோவா_அக்கா:
நைட்ரேட் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.08 பிபிஎம். மாட்டினதுக்கு முந்தின நாள்கூட டெஸ்ட் பண்ணினேன், நோட்டுல இருக்கு. நாலு நாள்ல மாறினது ஒண்ணே ஒண்ணுதான்.

ஆழ்கடல்77:
சரி, ஒத்துக்கிறேன். ஆனா உப்புக்கரைசல், நீங்க இதைக் குறிச்சு வைங்க. மேல் பக்கம், லைட்டைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்தா லைட் மேல சந்தேகப்படுங்க. நிழல்ல இருக்கிற பக்கமும் சேர்ந்து மொத்தமும் வெளிறினா தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க, வெப்பத்தையும் பாருங்க. 30 டிகிரி தாண்டினா லைட் சரியா இருந்தாலும் வெளுக்கும். பழுப்பாச்சுன்னா பெரும்பாலும் ஒளி போதலை, அல்லது சத்து அதிகம். சோவாந்தஸ் கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னா ஒளியைத் தேடுதுன்னு அர்த்தம்.

நீலக்கதிர்:
நிறம் பத்தி ஒண்ணு. அந்தப் பாசியோட க்ளோரோஃபில்-ஏ நிறமிக்கு 430 பக்கம் ஒரு உச்சம், 660 பக்கம் ஒரு உச்சம். க்ளோரோஃபில்-சி2க்கு 450 பக்கம். பெரிடினின்னு ஒண்ணு பச்சை-நீலம் வரைக்கும் பிடிச்சுக்கும். கடல்ல சிவப்பு முதல் சில மீட்டர்லயே போயிடும், 10 மீட்டர்ல கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. நம்ம ஒன்றரை அடி டேங்குல அப்படிப் போகாது, சிவப்பு அப்படியே கோரல் மேல விழும். ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டாங்கிற கோரலை வெச்சு 2014ல வந்த ஆய்வு ஒண்ணுல, சிவப்பு ஒளியில அதோட பாசியின் ஒளிச்சேர்க்கை அடங்கிப் போறதைக் காட்டினாங்க. அதனால சிவப்பு, பச்சை சேனலை கண்ணுக்கு அழகு வர்ற அளவுக்கு, ரெண்டு மூணு சதவீதம் வெச்சா போதும். நீலம், ஊதாதான் வேலைக்காரன். 420லேர்ந்து 460 வரைக்கும் நல்லா இருக்கிற லைட்டா பாருங்க.

பளபளன்னு ஒளிர்ற பச்சை, ஆரஞ்சு எல்லாம் வேற சமாச்சாரம். அது கோரல் திசுவில இருக்கிற ஒளிரும் புரதம். நீலத்தை வாங்கிப் பச்சையா திருப்பிக் கொடுக்கும். ஜெல்லி மீன்ல கண்டுபிடிச்ச பச்சைப் புரதத்துக்கு 2008ல நோபல், நீல எல்இடிக்கு 2014ல நோபல். நம்ம பொழுதுபோக்குக்கு ரெண்டு நோபல் வேலை செய்யுது. ஆனா ஒளிருதுங்கிறதுக்காக நல்லா வளருதுன்னு நினைச்சுடாதீங்க, சாகப் போற கோரல்கூட நல்லாவே மின்னும்.

உப்புக்கரைசல்:
சரி, எல்இடிதான். பெருசா ஒண்ணா, சின்னதா ரெண்டா? கல் குன்று மாதிரி நடுவுல இல்ல, இடமும் வலமும் ரெண்டு தீவா இருக்கு.

அக்ரோ_பித்தன்:
ரெண்டு தீவுன்னா யோசிக்கவே வேண்டாம், சின்னது ரெண்டு.

நான் முதல்ல இதே 3 அடிக்கு பெரிய லைட் ஒண்ணு நடுவுல தொங்கவிட்டேன். மீட்டர் வாங்கி அளந்தப்ப, நேர் கீழே கல் உச்சியில 310, அதே உயரத்துல ஒரு அடி தள்ளி 120, மூலை மணல்ல 28. ஒரே டேங்குல பாலைவனமும் குகையும். நடுவுல வெச்சது கருகும், ஓரத்துல வெச்சது பழுப்பாகும். ஏத்தினா ஒண்ணு சாகும், இறக்கினா இன்னொண்ணு சாகும். அந்த ஆறு அக்ரோபோரா போனது இப்படித்தான்.

ரெண்டா பிரிச்சதும் இன்னொரு லாபம், ஒண்ணோட நிழல்ல இன்னொண்ணு வெளிச்சம் போடும். ஒரு லைட் கெட்டாலும் டேங்க் இருட்டாகாது. தண்ணி மட்டத்துல இருந்து 8-10 அங்குலம் மேல தொங்கவிடுங்க. ரொம்பக் கிட்ட வெச்சா நிறங்கள் கலக்காம மணல்ல தனித்தனிப் பொட்டா விழும், டிஸ்கோ மாதிரி. குறுகின லென்ஸ் உங்களுக்கு வேண்டாம், அதெல்லாம் இரண்டரை அடி ஆழ டேங்குக்கு.

பழைய_குழல்:
தொங்கவிடறப்ப ஒயரையும் யோசி. ப்ளக்குக்கு வர்ற ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி அப்புறம் மேல ஏறணும். ஒயர் வழியா ஒழுகிற உப்புத் தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், ப்ளக்குக்குள்ள போகாது. எர்த் லீக்கேஜ் ப்ரேக்கர் இல்லாம உப்புத் தண்ணி டேங்க் வைக்கவே கூடாது. இது லைட் பேச்சு இல்லதான், ஆனா எங்கயாவது சொல்லணும்ல.

உப்புக்கரைசல்:
மீட்டர் வாங்கியே ஆகணுமா? தினமும் வேலை இருக்கிற பொருளாத் தெரியலையே.

நீலக்கதிர்:
சொந்தமா வேண்டாம். வெச்சிருக்கிற யார்கிட்டயாவது ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்குங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும். ஆனா எந்த மீட்டர்னு கேளுங்க. பழைய சென்சார்கள் நீலத்தைக் குறைச்சுக் காட்டும், நம்ம லைட்ல முக்கால்வாசி நீலம். அதோட காத்துல அளக்கன்னு செஞ்ச சென்சாரைத் தண்ணிக்குள்ள விட்டாலும் குறைச்சுத்தான் காட்டும், பெருக்கித் திருத்தணும். அப்போஜீ கம்பெனியோட எம்க்யூ-510 மீட்டர் தண்ணிக்கடியில அளக்கன்னே வந்தது, திருத்தம் உள்ளேயே இருக்கு.

அளக்கிறப்ப சென்சாரை நேரா மேல பார்க்க வைங்க. உங்க கை நிழல், தலை நிழல் விழக் கூடாது. அலை அடிக்கிறதால எண் ஆடிக்கிட்டே இருக்கும், பம்பை நிறுத்தாதீங்க. கோரல் வாழப் போறது அந்த அலைக்குக் கீழதான். பத்து விநாடி பார்த்து சராசரி எழுதுங்க.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்க. 110 மைக்ரோமோல் 10 மணி நேரம்னா, ஒரு நாளைக்கு சுமார் 4 மோல். 165 வெச்சு ஆறே முக்கால் மணி நேரம் ஓட்டினாலும் அதே 4 மோல்தான். வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து பார்க்கிறவங்க மதியத்துல ஆரம்பிச்சு ராத்திரி முடியிற மாதிரி வைக்கலாம், கோரலுக்கு மணி தெரியாது.

உப்புக்கரைசல்:
*(ஒன்பது வாரம் கழிச்சு)*

எல்லாருக்கும் நன்றி. 50 வாட்ல ரெண்டு, 9 அங்குலம் மேல, ஒவ்வொரு தீவுக்கும் நேர் மேல. ஒரு நண்பர்கிட்ட மீட்டர் இரவல் வாங்கினேன். வீட்டுல துடைப்பக் குச்சியில ரப்பர் பேண்ட் போட்டு சென்சாரைக் கட்டி, தம்பி எண் சொல்ல நான் பேப்பர்ல எழுதி, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஓடிடுச்சு. நீலம், ஊதா 60 சதவீதம், வெள்ளை 12ல:

இடது கல் உச்சி 165, வலது கல் உச்சி 150, கல்லோட பாதி உயரம் ரெண்டு பக்கமும் 105-115, முன் மணல் 75, மூலைகள் 45-50.

முதல் வாரம் இதுல பாதியில ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 சதவீதமா ஏத்தி, போன வாரம்தான் 60க்கு வந்தேன். 9 மணி நேரம், முதல் ஒரு மணி ஏறி, கடைசி ஒரு மணி இறங்கும். ஹேமரைப் பாதி உயரத்துல வெச்சிருக்கேன், நல்லா ஊதியிருக்கு. சோவாந்தஸ்ல நாலு புதுத் தலை.

ஆனா மணல் மேல பழுப்பா ஒரு படலம். லைட் அதிகமாயிடுச்சா?

ஆழ்கடல்77:
டயட்டம்னு ஒரு நுண்பாசி. புது டேங்குல வரும், கல்லுலயும் மணல்லயும் இருக்கிற சிலிக்கேட்டைத் தின்னு தீர்த்துட்டுப் போகும். லைட்டை இறக்காதீங்க. இறக்கினா கோரல்தான் பட்டினி, பாசி எப்படியோ பிழைச்சுக்கும்.

இதோட ஆல்கலினிட்டியையும் (தண்ணியில கரைஞ்சிருக்கிற கார்பனேட், பைகார்பனேட் அளவு) வாரா வாரம் பாருங்க. லைட் கூடக் கூட கோரல் வளரும், எலும்பு கட்ட ஆல்கலினிட்டியை இழுக்கும். 8.5 dKH இருந்தது தெரியாமலே 7க்கு வந்து நிற்கும்.

சோவா_அக்கா:
165 இருக்கிற இடத்துல இப்பவே மான்டிபோரா வைக்கலாம்னு கை அரிக்குமே? :) டேங்குக்கு வயசாகட்டும்.

இன்னொண்ணு. மாசம் ஒரு தடவை லைட் கண்ணாடியை அணைச்சு வெச்சுட்டு ஆர்ஓ தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. குமிழி வெடிச்சுத் தெறிக்கிற உப்பு வெள்ளைப் பொடியா ஒட்டியிருக்கும். நான் மூணு மாசம் மறந்துட்டு துடைச்சப்ப, துடைக்கிறதுக்கு முன்னாடி பார் 92, பின்னாடி 118. அப்படி துடைச்ச அன்னிக்கு சதவீதத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கணும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

உப்புக்கரைசல்:
கை அரிக்கிறது உண்மைதான், அக்கா. அடக்கிக்கிறேன்.

ராத்திரி முழுக்க 1 சதவீதம் நீலம், நிலா வெளிச்சம்னு செயலியில ஒரு வசதி இருக்கே, வைக்கலாமா?

நீலக்கதிர்:
நமக்கு அழகு, அவ்வளவுதான். தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெச்சுப் பாருங்க, அப்புறம் முழு இருட்டு விடுங்க.

உப்புக்கரைசல்:
சரி. ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். சிவப்பு மஷ்ரூம் ஒண்ணை இடது கல்லுல மேலாக்க வெச்சிருந்தேன், அங்க 130. பத்து நாள் சுருங்கிக்கிடந்துட்டு ஒரு நாள் காலையில காணோம். பம்ப் இழுத்துடுச்சோன்னு எல்லா இடமும் தேடினேன். நேத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, தானா கழண்டு உருண்டு வலது கல்லுக்குப் பின்னாடி சாய்வுல ஒட்டிக்கிட்டு, தட்டு மாதிரி விரிஞ்சு கிடக்கு. மீட்டரைத் திருப்பிக் கொடுக்கிறதுக்குள்ள அங்க வெச்சுப் பார்த்தேன். 48.

சோவா_அக்கா:
அதை அங்கேயே விடுங்க.